உங்கள் தளத்துக்கு வரும் பேக்லிங்குகளைக் கண்காணிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேடுபொறியின் முதல் பக்கத்தில் நின்ற கட்டுரை ஒன்று ஓரிரு மாதங்களில் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டால், நாம் முதலில் கை வைப்பது அந்தக் கட்டுரையின் மேல்தான். தலைப்பை மாற்றுகிறோம், புதிய படம் சேர்க்கிறோம், பத்திகளை நீட்டுகிறோம். அதைப் பரிந்துரைத்து இணைப்புக் கொடுத்திருந்த பிற தளங்கள் இன்னும் அதைச் சுட்டுகின்றனவா, சுட்டுகிற முகவரி திறக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் மிகச் சிலரிடமே இருக்கிறது. அந்தப் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்காக, காசு செலவில்லாமல் மாதத்துக்கு ஒரு மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய ஒரு முறையை இங்கே எழுதுகிறேன்.

பிற தளம் ஒன்றிலிருந்து நம் பக்கத்துக்கு வரும் இணைப்பைப் பேக்லிங்க் என்கிறோம். பின்னிணைப்பு என்றும் சிலர் எழுதுகிறார்கள். புத்தகத்தின் கடைசியில் வரும் பின்னிணைப்போடு அது குழம்புவதால் நான் பேக்லிங்க் என்றே எழுதுகிறேன். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்தபோது உருவாக்கி, 1998இல் கட்டுரையாக வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை இந்த இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டதுதான். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களுக்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அந்தப் பக்கத்தின் இடத்தைக் கணிப்பது அந்த முறை. அதன் பிறகு கூகுள் பார்க்கும் விஷயங்கள் பல மடங்கு பெருகிவிட்டன என்றாலும், இணைப்புகளை அது இன்றும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் அதிகம் விற்கப்படுவது கெட்ட இணைப்புகளைப் பற்றிய பயம். உண்மையில் சிறு தளங்களுக்கு நேரும் இழப்பில் பெரும்பகுதி, நல்ல இணைப்புகள் சத்தமில்லாமல் செத்துப்போவதால் வருகிறது. ஆகவே, கீழே சொல்லும் வேலைகளில் உங்கள் நேரத்தின் பெரும்பங்கை இழந்த இணைப்புகளை மீட்பதற்கே ஒதுக்குங்கள்.

முதல் படி: சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்ப்பது

நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று நமக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசமானது. 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று வழங்கியதும் இதுதான். தளத்தைச் சேர்க்கும்போது அது இரண்டு வழிகளைக் காட்டும். முழு டொமைனையும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஒரே கணக்காகச் சேர்க்க வேண்டுமானால், டொமைன் வாங்கிய இடத்தில் அந்தப் பெயருக்கான அமைப்புகளாகிய டிஎன்எஸ் பதிவுகளுக்குள் சென்று, கூகுள் தரும் ஒரு வரியை டிஎக்ஸ்டி என்ற உரைப் பதிவாகச் சேர்க்க வேண்டும். பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே எழுதுகிறவர்களுக்கு அந்த டொமைன் சொந்தமில்லை என்பதால், தளத்தின் முழு முகவரியைக் கொடுத்துச் சேர்க்கும் யூஆர்எல் முன்னொட்டு என்ற இரண்டாவது வழிதான் உண்டு. சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் இரண்டு வழிகளிலும் சேர்த்துவைப்பது நல்லது. அதன் காரணம் பின்னால் வரும்.

சேர்த்து முடித்த சில நாட்களில் இடப்பக்கப் பட்டியலில் உள்ள 'லிங்க்ஸ்' என்ற பகுதியில் தரவு தெரியத் தொடங்கும். உங்கள் பக்கங்களில் எவை வெளியிலிருந்து அதிகம் சுட்டப்படுகின்றன, எந்தத் தளங்கள் சுட்டுகின்றன, எந்தச் சொற்களில் இணைப்புக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்று பட்டியல்கள் அங்கே இருக்கும். மேலே உள்ள ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தினால், அண்மைய இணைப்புகள், கூடுதல் மாதிரி இணைப்புகள் என்ற இரண்டு கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். அவற்றில் சுட்டுகிற பக்கத்தின் முகவரியும், கூகுள் அதைக் கடைசியாகப் பார்த்த நாளும் இருக்கும். அந்தப் பக்கம் உங்களுடைய எந்தக் கட்டுரையைச் சுட்டுகிறது என்பது அதில் இராது. அதை அறிய, முதல் பட்டியலில் உங்கள் பக்கம் ஒவ்வொன்றையும் சொடுக்கிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியல் முழுமையானது அன்று, ஒரு மாதிரிதான். கூகுளே அப்படித்தான் சொல்கிறது. அதனால் பிங் தேடுபொறியின் வெப்மாஸ்டர் டூல்ஸிலும் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். சர்ச் கன்சோலிலிருந்தே தளத்தை இறக்குமதி செய்யும் வசதி அங்கே இருக்கிறது. சொந்தத் தளத்துக்கு மட்டும் இலவசமாகப் பார்க்க, அஹ்ரெஃப்ஸ் நிறுவனத்தின் வெப்மாஸ்டர் கருவியும் உதவும். இந்த மூன்றும் ஒரே எண்ணைக் காட்டாது. எண்கள் ஒத்துப்போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூன்றில் எதில் தெரிந்தாலும் அந்தத் தளத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: ஒரு பதிவேடு தொடங்குவது

கூகுள் ஷீட்ஸில் ஒரு விரிதாள் திறந்து இந்த நெடுவரிசைகளை அமையுங்கள்: சுட்டுகிற தளத்தின் டொமைன், சுட்டுகிற பக்கத்தின் முகவரி, அது சுட்டும் நம் பக்கம், இணைப்புக் கொடுத்த சொல், நோஃபாலோ உண்டா இல்லையா, முதலில் பார்த்த நாள், கடைசியாகச் சரிபார்த்த நாள், குறிப்பு. ஏற்றுமதி செய்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) எக்செலில் நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியக்கூடும் என்பதால், ஷீட்ஸிலேயே இறக்குமதி செய்வது தொல்லையற்றது.

நோஃபாலோ என்பதைப் பற்றி இரண்டு வரி. பின்னூட்டங்களில் இணைப்புகளைக் கொட்டும் தொல்லையைக் குறைக்க 2005இல் தேடுபொறிகள் சேர்ந்து கொண்டுவந்த குறியீடு அது. 'இந்த இணைப்புக்கு நான் பொறுப்பில்லை' என்று சுட்டுகிறவர் சொல்வது போன்றது. 2019இல் கூகுள் இதனோடு, விளம்பர இணைப்புகளுக்கு ஒன்றும் வாசகர்கள் எழுதும் பகுதிகளில் உள்ள இணைப்புகளுக்கு ஒன்றுமாக இன்னும் இரண்டு குறியீடுகளைச் சேர்த்தது. மூன்றையும் கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாகக் கொள்வதாகவும் அறிவித்தது. விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே செல்லும் இணைப்புகள் நோஃபாலோவாகவே இருக்கும். அதற்காக அவற்றைப் பதிவேட்டில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து வந்து படிக்கிற ஒருவர் நாளை தம் தளத்தில் நம்மைச் சுட்டலாம்.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழிலேயே அமைகிறது. அதை நகலெடுத்து ஒட்டும்போது, தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறியும் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த 9 குறிகளாக விரிகிறது. 'தி' என்பதில் த, இகரக் குறி என இரண்டு இருப்பதால் அந்த ஓரெழுத்துக்கே 18 குறிகள் ஆகின்றன. முகவரியின் அந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் எல்லை 200 குறிகள். ஆகவே தமிழ் எழுத்துக்குறிகள் 22க்கு மேல் போனால் முகவரி பாதியில் வெட்டப்படுகிறது. இவ்வளவு நீண்ட சரத்தை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பும்போது எங்காவது முறிந்து, முறிந்த முகவரியே ஒருவருடைய தளத்தில் இணைப்பாகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிளாக்கரில் கதை வேறு. தமிழ்த் தலைப்பிலிருந்து அதனால் முகவரி அமைக்க முடியாததால் 'பிளாக்-போஸ்ட்' என்ற சொல்லும் ஓர் எண்ணுமாக அமைத்துவிடுகிறது; கைப்பேசியிலிருந்து நகலெடுத்தவர்களின் இணைப்பில் கேள்விக்குறியும் 'எம்=1' என்ற வாலும் சேர்ந்திருக்கும். இனி எழுதும் கட்டுரைகளுக்கு, முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களாக நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். பழையவற்றின் முகவரியில் கை வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: மாதாந்தர ஒப்பீடு

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு புதிய கோப்பை இறக்கி, பழைய தாளுக்குப் பக்கத்தில் தனித் தாளாக வையுங்கள். பழைய தாளில் உள்ள ஒவ்வொரு டொமைனும் புதிய தாளில் எத்தனை முறை வருகிறது என்று 'கவுண்ட்இஃப்' சூத்திரத்தால் எண்ணச் சொன்னால், பூஜ்யம் என்று வருபவை காணாமற்போனவை. புதிய தாளிலிருந்து பழையதை நோக்கி இதையே செய்தால் புதிதாக வந்தவை தெரியும். முழு முகவரியை வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்யாதீர்கள். எக்செலில் 255 குறிகளைத் தாண்டிய உரையை இந்தச் சூத்திரம் சரியாகப் பொருத்தாது. நீளமான தமிழ் முகவரிகள் அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும். டொமைன் பெயரே போதுமானது.

காணாமற்போனதாகத் தெரியும் இணைப்பு உண்மையிலேயே போய்விட்டது என்று அப்போதே முடிவுகட்ட வேண்டாம். கோப்பில் இருப்பது முழுப் பட்டியல் அன்று, ஒரு மாதிரிதான் என்பதால், அந்த மாதம் அது விடுபட்டிருக்கலாம். சுட்டுகிற பக்கத்தைத் திறந்து, உங்கள் தளத்தின் பெயரைப் பக்கத்துக்குள் தேடி, இணைப்பு இருந்தால் அதைச் சொடுக்கியும் பாருங்கள். இந்தக் கடைசிச் சொடுக்கை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இணைப்பு அங்கே இருக்கும். நம் பக்கம்தான் திறக்காது.

நான்காம் படி: இழந்ததை மீட்பது

என் மாடித் தோட்டத் தளத்தைப் பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாற்றியபோது, டொமைன் அதுவேதான் என்பதால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். கட்டுரைகள், படங்கள், பின்னூட்டங்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. முகவரிகளின் அமைப்பு மட்டும் மாறிவிட்டது. ஆண்டும் மாதமும் 'பிளாக்-போஸ்ட்' எண்ணுமாக இருந்த பழைய முகவரிகள் எதுவும் திறக்கவில்லை. நான்கு மாதங்கள் கழித்து, வருகை பாதியாகக் குறைந்த பிறகுதான் சர்ச் கன்சோலில் 'பக்கங்கள்' பகுதியைத் திறந்து, 404 (பக்கம் இல்லை) என்று குறிக்கப்பட்ட பட்டியலைப் பார்த்தேன். அதில் முதலில் நின்றது பஞ்சகவ்யம் தயாரிப்பு பற்றிய கட்டுரை. அந்த வரியைச் சொடுக்கி, முகவரிப் பரிசோதனைக்குள் சென்றபோது, அதைச் சுட்டும் பக்கமாக ஒரு கல்லூரி நூலகத்தின் வாசிப்புப் பட்டியல் தெரிந்தது. மாணவர்கள் படிக்கட்டும் என்று யாரோ ஒருவர் அக்கறையோடு கொடுத்த இணைப்பு, நான்கு மாதங்களாக அவர்களை வெற்றுப் பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தரவரிசை போனதைவிட அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

இதற்குத் தீர்வு, பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு 301 என்ற நிரந்தரத் திசைதிருப்பல் கொடுப்பது. வேர்ட்பிரஸில் இதற்கென்றே இலவசச் செருகுநிரல்கள் உள்ளன. பிளாக்கரில் அமைப்புகளுக்குள் 'பிழைகளும் திசைதிருப்பல்களும்' என்ற பகுதியில் செய்யலாம். ஒவ்வொரு பழைய முகவரியையும் அதே பொருளுள்ள புதிய பக்கத்துக்கே அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவது வாசகருக்கும் பயன்படாது, தேடுபொறியும் அதைப் பக்கம் இல்லாததாகவே கருதக்கூடும். 'எம்=1' வால் உள்ள முகவரியும் போய்ச் சேருகிறதா என்று ஒரு முறை சோதியுங்கள். திசைதிருப்பலைக் குறைந்தது ஓர் ஆண்டாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது; எடுக்காமலே விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை.

சுட்டுகிற தளமே மூடப்பட்டிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தைப் புதுப்பித்தபோது உங்கள் இணைப்பை எடுத்திருந்தால், உங்கள் கட்டுரை பழசாகிவிட்டதா என்று நேர்மையாகப் பாருங்கள். முகவரி முறிந்திருந்தால் மட்டும் கடிதம் எழுதலாம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஐந்தாம் படி: புதிதாக வந்தவற்றைப் பிரித்துப் பார்ப்பது

புதிய இணைப்புகளின் பட்டியலில், நீங்கள் கேள்விப்படாத மொழிகளில், கேள்விப்படாத பெயர்களில் தளங்கள் நிறைந்திருக்கும். படங்களைத் திரட்டி வைக்கும் தளங்கள், உலகிலுள்ள டொமைன்களையெல்லாம் வரிசையிடும் தளங்கள், உங்கள் கட்டுரையை உள்ளிருக்கும் இணைப்புகளோடு அப்படியே திருடிப் போட்ட தளங்கள் ஆகியவை இவற்றில் பெரும்பான்மை. எல்லாத் தளங்களுக்கும் இவை வருகின்றன. இவற்றை ஒவ்வொன்றாக ஆராயத் தேவையில்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அமைதியாக வேலை செய்யலாம். 2011 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஜேசி பென்னி என்ற பெரிய கடைத் தொடருக்கு ஆயிரக்கணக்கான சம்பந்தமற்ற தளங்களிலிருந்து இணைப்புகள் போடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், பயணப்பெட்டி தொடர்பான ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த அந்தக் கடை இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று கூகுள் கொண்டுவந்த பென்குவின் என்ற மாற்றம், இத்தகைய இணைப்புகளை நம்பியிருந்த தளங்களைத் தானாகவே கீழே இறக்கத் தொடங்கியது. பயம் அப்போது நியாயமானது. 2016 செப்டம்பரில் பென்குவின், கூகுள் தரவரிசையைக் கணிக்கும் மைய வழிமுறையின் பகுதியானபோது, குப்பை இணைப்புகளுக்காகத் தளத்தையே இறக்குவதை விட்டு, அந்த இணைப்புகளை மதிப்பில்லாதவையாக ஒதுக்கும் முறைக்கு கூகுள் மாறிவிட்டது. யாரோ போட்ட குப்பைக்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டிய நிலை இன்று அரிது.

ஆனால் மூன்று அறிகுறிகளைக் கண்டால் அன்றே எழுந்து வேலை பார்க்க வேண்டும். அதிகம் சுட்டப்படும் உங்கள் பக்கங்களின் பட்டியலில் நீங்கள் எழுதவே இல்லாத பக்கங்கள் இருந்தால், சூதாட்டம், மருந்து விற்பனை, ஜப்பானிய எழுத்துகள் போன்றவை தென்பட்டால், உங்கள் தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்று பொருள். கடவுச்சொற்களை மாற்றுங்கள், தெரியாத பயனர்களை நீக்குங்கள், செருகுநிரல்களைப் புதுப்பியுங்கள், தேவைப்பட்டால் பழைய தூய காப்புநகலுக்குத் திரும்புங்கள். இது இணைப்புச் சிக்கல் அன்று, பாதுகாப்புச் சிக்கல். இரண்டாவது அறிகுறி, விற்பனைச் சொல் ஒன்றே மாறாமல் டஜன் கணக்கான தளங்களில் இணைப்புச் சொல்லாக வருவது. மூன்றாவது, சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் செய்தி வருவது. அது கூகுளின் ஊழியர் ஒருவர் நேரில் பார்த்து எடுத்த நடவடிக்கை.

பின்னிரண்டும் பெரும்பாலும் இணைப்புகளை விலைக்கு வாங்கியவர்களுக்கே நேர்கின்றன. என் உறவினர் ஒருவர் தம் துணிக்கடைத் தளத்துக்காக, மொத்தமாகப் பேக்லிங்க் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டினார். முதல் இரண்டு மாதம் தளம் மேலே ஏறியது. அதன் பிறகு அந்தச் செய்தி வந்தது. பணம் வாங்கியவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. நான் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு தளத்துக்கும் கடிதம் எழுதி நீக்கச் சொல்லவே மூன்று வாரங்கள் ஆயின. விளம்பரமாகக் காசு கொடுத்து இணைப்புப் போடுவது தவறில்லை, அதற்கு விளம்பரக் குறியீடு இருந்தால். தரவரிசைக்காக வாங்குவதைத்தான் கூகுளின் கொள்கை தடைசெய்கிறது.

ஆறாம் படி: டிஸ்அவோ, அதுவும் தேவையானால் மட்டும்

'இந்த இணைப்புகளை என் கணக்கில் சேர்க்காதீர்கள்' என்று கூகுளிடம் சொல்லும் கருவி டிஸ்அவோ. 2012 அக்டோபரில் வந்தது. மேற்சொன்ன நடவடிக்கை உங்கள் மேல் எடுக்கப்பட்டிருந்தாலோ, வாங்கிய இணைப்புகளால் எடுக்கப்படும் என்று உறுதியாகத் தெரிந்தாலோ மட்டும் அதைத் தொடுங்கள். கட்டணக் கருவிகள் சிவப்பில் காட்டும் 'நச்சு' மதிப்பெண் அவர்களுடைய கணிப்புதான். கூகுள் அதைப் பார்ப்பதில்லை. அதை நம்பி நல்ல தளங்களையும் பட்டியலில் சேர்த்துத் தரவரிசையை இழந்தவர்களும் உண்டு.

பட்டியல் ஒரு சாதாரண உரைக்கோப்பு, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க வடிவில். ஒரு முழுத் தளத்தையும் ஒதுக்க, ஆங்கிலத்தில் டொமைன் என்று சிற்றெழுத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் பெயரை எழுத வேண்டும், வரிக்கு ஒன்று. கோப்பு 2 எம்பிக்கும் 1,00,000 வரிக்கும் மேற்படக் கூடாது. புதிய கோப்பை ஏற்றினால் பழையது முழுவதும் மறைந்துவிடும் என்பதால், பழைய பட்டியலோடு சேர்த்தே ஏற்ற வேண்டும். டொமைன் கணக்கில் இந்தக் கருவி வேலை செய்யாது, முன்னொட்டுக் கணக்கில்தான் செய்யும். இரண்டையும் சேர்த்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பிங் 2023இல் தன்னுடைய இதே கருவியை நீக்கிவிட்டது என்பதும் இதன் தேவை எவ்வளவு குறைந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது.

கடைசியாக, கடிதம்

முறிந்த முகவரியைத் திருத்தச் சொல்லி எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் வாசிப்புப் பட்டியலில் எங்கள் பஞ்சகவ்யம் கட்டுரைக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள், மிக்க நன்றி. அந்த இணைப்பின் கடைசிப் பகுதி முறிந்திருப்பதால் பக்கம் திறக்கவில்லை. சரியான முகவரியைக் கீழே கொடுத்துள்ளேன். நேரம் கிடைக்கும்போது மாற்றித் தந்தால் படிக்கிறவர்களுக்கு உதவியாக இருக்கும்."

இணைப்புச் சொல்லை மாற்றச் சொல்லாதீர்கள், இன்னொரு பக்கத்துக்கும் இணைப்புக் கேட்காதீர்கள். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால், அந்த முறிந்த முகவரியையே உங்கள் தளத்தில் பதிவு செய்து, சரியான பக்கத்துக்கு 301 கொடுத்துவிடுங்கள். அவர் ஒன்றும் செய்யாமலே இணைப்பு திறக்கத் தொடங்கிவிடும். பதிவேட்டின் குறிப்பு நெடுவரிசையில் அந்த நாளை எழுதி வையுங்கள்.